அளவுக் கட்டை பொய் சொல்கிறதா? பட்டறையில் நான் சோதித்துப் பார்க்கும் வரிசை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் செம்பனை ஆலைகளுடையது. அழுத்து இயந்திரத்தின் தண்டு, பேரிங் உட்காரும் இடம், வெண்கலப் புஷ் என்று வரும். இவற்றை அளக்கும் மைக்ரோமீட்டரையும் (திருகால் அளக்கும் கருவி) டயல் கேஜையும் (முள் நகர்ந்து அளவு காட்டும் கருவி) சரிபார்க்க 87 துண்டுகள் கொண்ட ஒரு கேஜ் பிளாக் பெட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் துல்லியமான அளவு பொறித்த துண்டு; வேண்டிய அளவு வரும்படி சிலவற்றை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளலாம். பட்டறையில் அதைக் ‘கட்டை’ என்றுதான் சொல்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் வந்த புகார்கள் ஆறேழு வகைக்குள் அடங்கிவிடும். “அண்ணே, கட்டை ஒட்டவில்லை.” “அண்ணே, காலையில் சரியாக இருந்தது, இப்போது பத்து மைக்ரான் ஓடுகிறது.” (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஈப்போவிலிருந்து தொலைபேசியில் கேட்கும் பட்டறைக்காரர்களும் இவற்றைத்தான் கேட்கிறார்கள். வாயால் திரும்பத் திரும்பச் சொன்னதை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். பெரும்பாலான நேரங்களில் குற்றம் கட்டை மேல் இல்லை; சூட்டின் மேலோ, ஈரத்தின் மேலோ, பிடித்த கையின் மேலோதான் இருந்தது. அதனால் செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். உப்புத்தாளை மட்டும் எந்தக் கட்டத்திலும் எடுக்காதீர்கள்.

அறிகுறி: காலையில் சரி, மதியம் தவறு

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், எங்களுக்கு அதிக நஷ்டம் தந்தது இதுதான்.

ஓர் ஆலைக்கு 80 மில்லிமீட்டர் பேரிங் இடம் கொண்ட தண்டு ஒன்று செய்தோம். பொருத்தம் எம்6; தண்டு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லும் தரக் குறி அது. அதாவது 80.011 முதல் 80.030 வரை இருக்கலாம். நமக்குக் கிடைப்பது 19 மைக்ரான் இடம். பையன் கட்டையை வைத்து மைக்ரோமீட்டரைச் சரிபார்த்தான். லேத்தில் கடைசி வெட்டு முடிந்த கையோடு தண்டை அளந்து 80.020 என்று எழுதினான். ஏறக்குறைய நட்டநடு. சில வாரங்களில் தண்டு திரும்பி வந்தது. பேரிங்கின் உள்வளையம் தண்டின் மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் கொக்கோப் பொடியைத் தடவியது போல ஒரு செம்பழுப்பு வளையம்.

அடுத்து அதே மாதிரித் தண்டு ஒன்றைக் கடையும்போது தொடு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். வெட்டு முடிந்ததும் தண்டு 45 டிகிரி. மேசையில் கட்டை 31 டிகிரி. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு, சுமார் 11.5 மைக்ரான் நீளும். 80 மில்லிமீட்டரில் 14 டிகிரி வித்தியாசம் என்றால் 13 மைக்ரான். பையன் எழுதிய 80.020, ஆறிய பிறகு 80.007 ஆகிவிட்டது. எல்லைக்கு வெளியே. அவன் அளந்ததிலும் தவறில்லை, கட்டையிலும் தவறில்லை.

கட்டையில் பொறித்திருக்கும் அளவு 20 டிகிரியில்தான் உண்மை. நம் ஊர்ப் பட்டறை எந்த மாதத்திலும் 20 டிகிரிக்கு வராது. ஆனாலும் வேலைப் பொருளும் கட்டையும் இரண்டும் எஃகாக, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும். ஒப்பிட்டு அளப்பது சரியாகவே இருக்கும். கீழே உள்ள சோதனைகள் எல்லாம் இந்த ஒன்றை உறுதிசெய்யத்தான்.

*வேலைப் பொருள் இப்போதுதான் இயந்திரத்திலிருந்து இறங்கியது என்றால்:* காத்திருங்கள். கட்டை, மைக்ரோமீட்டர், வேலைப் பொருள் மூன்றையும் ஒரே வார்ப்பிரும்பு மேசையின் மேல் வையுங்கள். மரப்பலகையின் மேல் வைத்தால் ஆற நேரமாகும். இரும்பு சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். சிறிய பொருளுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் போதும். கனத்த தண்டை மாலையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் அளக்கிறேன். ஆலைக்காரர் வாசலில் லாரியோடு நின்றாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

*எல்லாம் ஒரே மேசையில் இருந்தும் அளவு ஓடுகிறது என்றால்:* கையைப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் கட்டை ஒரு டிகிரி ஏறினால் ஒரு மைக்ரானுக்கு மேல் நீளும். வெறுங்கையில் சில நிமிடங்கள் பிடித்திருந்தாலே அதற்கு மேல் ஏறிவிடும். நீளமான கட்டைகளுக்குத் துணிக் கையுறை போடுங்கள். அடுக்கைக் கட்டி முடித்ததும் மேசையில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

*மதியம் மட்டுமே ஓடுகிறது என்றால்:* வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எங்கள் பட்டறையில் மூன்று மணிக்கு மேல் மேற்குச் சன்னல் வழியாக மேசையின் ஒரு மூலையில் மட்டும் வெயில் விழுந்துகொண்டிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் அது தனியாகத் தெரியவில்லை. மேசையை நகர்த்தியதும் புகார் நின்றது.

*வேலைப் பொருள் எஃகு இல்லை என்றால்:* காத்திருந்தும் பயனில்லை, கணக்குப் போட்டே ஆக வேண்டும். வெண்கலம் மீட்டருக்கு, டிகிரிக்கு, சுமார் 18 மைக்ரான் நீளும். அலுமினியம் சுமார் 23. பட்டறை 32 டிகிரியில் இருந்தால் 100 மில்லிமீட்டர் வெண்கலப் புஷ் எஃகுக் கட்டையைவிட ஏழெட்டு மைக்ரான் கூடுதலாக நீண்டிருக்கும். அலுமினியத்தில் அது 14 மைக்ரான். வேலை வரைபடத்தில் கேட்டிருப்பது 20 டிகிரி அளவு என்பதால், அந்த வித்தியாசத்தை அளந்த எண்ணிலிருந்து கழித்து எழுதுங்கள். கட்டையே செராமிக் என்றால் இதையே மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். செராமிக் எஃகைவிடக் கொஞ்சம் குறைவாக நீளும். அதே 100 மில்லிமீட்டரில், அதே சூட்டில், இரண்டு மூன்று மைக்ரான் வித்தியாசம் வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் காலைக்கும் மாலைக்கும் அளவு மாறுகிறது என்றால் டயல் கேஜின் தாங்கியும் இறுக்கும் திருகும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கும் ஒன்றுமில்லை என்றால் கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பும் நேரம். கட்டையை அனுப்பத் தேவையில்லை.

அறிகுறி: கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

நல்ல கட்டைகள் இரண்டைச் சுத்தமாகத் துடைத்து, குறுக்காக வைத்து, லேசாக அழுத்திச் சுழற்றினால் பசை போட்டது போல் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாக ஒட்டினால் இடையில் நிற்கும் படலம் ஒரு மைக்ரானில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அடுக்கின் அளவைக் கெடுக்காது. ஒட்டாத அடுக்கை வைத்து அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

*எந்தக் கட்டையும் ஒட்டவில்லை என்றால்* குறை துடைப்பதில் இருக்கிறது. துருத்தடுப்பு எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது கட்டை வழுக்கும், பிடிக்காது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். துடைக்கும் துணியையும் பாருங்கள்: பனியன் துணி நூல் விடும்; கண்ணுக்குத் தெரியாத ஒரு பஞ்சு இழை நடுவில் கிடந்தாலே ஒட்டாது. ஷாமித் தோலோ, நூல் விடாத தாளோ நல்லது. துடைத்த பிறகு கட்டையின் அளக்கும் முகத்தை விரலால் தொடாதீர்கள். எண்ணெயே இல்லாமல் மிகவும் வறண்டுபோனாலும் சில எஃகுக் கட்டைகள் பிடிக்காமல் முரண்டு பிடிக்கும். மிக லேசான எண்ணெயை ஒரு புள்ளி தடவி, அது மறையும் வரை துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

*மெல்லிய கட்டைகள் மட்டும் ஒட்டவில்லை என்றால்* முறையை மாற்றுங்கள். 1.005 போன்ற தகட்டை இன்னொரு தகட்டோடு நேராக ஒட்ட முயன்றால் வளைந்துவிடும். முதலில் ஒரு தடித்த கட்டையின் மேல் ஒரு தகட்டை ஓரத்திலிருந்து தள்ளி ஒட்டுங்கள். அதன் மேல் இரண்டாவதை ஒட்டுங்கள். பிறகு அடியில் உள்ள தடித்த கட்டையைப் பிரித்தெடுங்கள்.

*ஒரே ஒரு கட்டை மட்டும் ஒட்டவில்லை என்றால்* அதில் பிசிறு, அதாவது எழும்பி நிற்கும் சிறு மேடு, இருக்கிறது. இங்கேதான் அவசரம் கூடாது. சுழற்றும்போது கரகரவென்று ஒரு உணர்வு விரலுக்கு வந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தப் பிசிறு அடுத்த கட்டையையும் கீறிவிடும். ஆப்டிகல் ஃபிளாட் எனப்படும் தட்டைக் கண்ணாடி இருந்தால் கட்டையின் முகத்தின் மேல் மெதுவாக வையுங்கள். வண்ணக் கோடுகள் தெரியும். லேசாக அழுத்திச் சுழற்றும்போது கோடுகள் விலகி முகம் முழுவதும் தெளிந்தால் கட்டை நன்றாக இருக்கிறது. ஓர் ஓரத்தில் கோடுகள் அடம்பிடித்து நின்றால் பிசிறு அங்கே.

பிசிறை எடுக்க மிருதுவான அர்கன்சாஸ் கல் வேண்டும், அதுவும் தட்டையாக இருக்க வேண்டும். கல்லைத் துடைத்து, கட்டையை அதன் மேல் படுக்க வைத்து, விரலின் எடையளவே கொடுத்து ஐந்தாறு முறை நகர்த்துங்கள். மறுபடி துடைத்து, கண்ணாடியால் பாருங்கள். மேடு போனால் போதும், பள்ளத்தைத் துரத்தாதீர்கள். பள்ளம் அளவைக் கூட்டாது, மேடுதான் கெடுக்கும். செராமிக் கட்டைக்கு இந்தக் கல் உதவாது. அதற்கென்று தனிக் கல் விற்கிறார்கள்.

இரண்டு முறை கல்லில் போட்டும் ஒட்டவில்லை என்றால் கட்டையின் முகம் தேய்ந்துவிட்டது. அந்த ஒரு கட்டையை மட்டும் புதிதாக வாங்குங்கள். தேய்ந்ததைப் பெட்டியில் திரும்ப வைக்காதீர்கள். அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

அறிகுறி: ஒட்டிய கட்டைகள் பிரியவில்லை

மாலையில் பிரிக்காமல் விட்டுப்போன அடுக்கில் இது வரும். சுத்தியலும் வேண்டாம், உளியும் வேண்டாம். நேராக இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுங்கள். அசையவில்லை என்றால் மண்ணெண்ணெயில் இரவு முழுவதும் ஊறப்போட்டு, மறுநாள் ஒரு மரத்துண்டின் விளிம்பில் முட்டுக் கொடுத்துத் தள்ளுங்கள். பிரிந்ததும் இரண்டு முகங்களையும் பாருங்கள். துரு இருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். வேலை முடிந்த அன்றே அடுக்கைப் பிரித்துத் துடைத்து வைத்தால் இந்தத் தலைப்பே தேவைப்படாது.

அறிகுறி: கட்டை வியர்க்கிறது, அல்லது துருப்புள்ளி விழுகிறது

இது குளிர்நாட்டுக் கையேடுகளில் அதிகம் பேசப்படாத பிரச்சினை. நம் ஊரில் அன்றாடப் பிரச்சினை.

*பெட்டியைத் திறந்ததும் கட்டையின் மேல் மங்கல் படர்கிறது என்றால்:* பெட்டி குளிர்சாதன அறையிலிருந்து வந்திருக்கிறது. மழைக்கு முந்தைய மதியம், பட்டறை 31 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்த உலோகமும் வியர்க்கும். 22 டிகிரி அலுவலகத்திலிருந்து நேராகக் கொண்டுவந்து திறந்த கட்டை, ஐஸ் தண்ணீர்க் குவளை போல் நனைந்துவிடும். எங்கள் பெட்டியில் 9 மில்லிமீட்டர் கட்டை இப்படித்தான் கெட்டது. திறந்தவர் மங்கலைப் பார்த்துக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு உள்ளே வைத்துவிட்டார். அடுத்த வாரம் பார்த்தபோது முகத்தின் நடுவில் அந்த விரலின் ரேகை அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது, சுழி உட்பட.

பெட்டியை மூடியபடியே பட்டறைக்குக் கொண்டுவந்து, சூடு சமமாகும் வரை ஓரிரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். செலவே இல்லை.

*வியர்வை இல்லை, ஆனால் துருப்புள்ளி வருகிறது என்றால்:* விரல் ஈரமும் உப்பும் காரணம். அளந்து முடித்ததும் ஆல்கஹாலால் துடைத்து, துருத்தடுப்பு எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் வாரம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மரப்பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே துருத்தடுப்புத் தாள் போட்டு, சிலிக்கா ஜெல் பையை நிறம் மாறியதும் மாற்றுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரமகற்றும் அலமாரி கட்டைகளுக்கும் நன்றாகவே உழைக்கிறது. நாங்கள் அதற்கு மாறிய பிறகு புதுப் புள்ளி விழவில்லை.

*புள்ளி ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால்:* பக்கச் சுவரில் இருந்தால் எண்ணெயிட்டுத் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அளக்கும் முகத்தில் இருந்தால் மேலே சொன்ன கல், கண்ணாடிச் சோதனையைச் செய்யுங்கள். ஒட்டினால் குறித்து வைத்து, அடுத்த அளவுத்திருத்தத்தில் (ஆய்வகத்தின் சரிபார்ப்பில்) கேளுங்கள். ஒட்டாவிட்டால் கட்டை போய்விட்டது. துரு போகும் வரை தேய்ப்பேன் என்று உட்கார்ந்தால் மைக்ரான் கணக்கில் எஃகும் சேர்ந்தே போகும்.

ஆண்டுதோறும் துருவுக்கே இரண்டு மூன்று கட்டை பலியாகிறது என்றால், அடுத்த முறை செராமிக் வாங்குவதுதான் என் யோசனை. விலை அதிகம், ஆனால் துருப்பிடிக்காது.

அறிகுறி: அடுக்கின் அளவு கணக்கோடு பொருந்தவில்லை

*முதலில் கூட்டலைப் பாருங்கள்.* சிரித்துக்கொள்ள வேண்டாம், பாதிப் புகார் இங்கேயே முடிந்துவிடும். கடைசி இலக்கத்திலிருந்து கழித்துக்கொண்டு வர வேண்டும். 38.745 வேண்டும் என்றால் முதலில் 1.005, மீதி 37.740. பிறகு 1.24, மீதி 36.5. பிறகு 6.5, கடைசியில் 30. நான்கு கட்டை. ஸ்வீடனில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யோஹான்சன் 1896-இல் இந்த யோசனையைக் கண்டுபிடித்தபோது அதன் அழகே இதுதான்: கொஞ்சம் கட்டைகள், ஆயிரக்கணக்கான அளவுகள். கட்டை கூடக்கூட ஒட்டும் முகங்களும் கூடும், பிழைக்கான வாய்ப்பும் கூடும். ஐந்துக்கு மேல் போனால் கணக்கை மறுபடி போடுங்கள்.

*கூட்டல் சரி என்றால் எண்ணைப் படியுங்கள்.* 1.04-ம் 1.004-ம் வயதான கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பெட்டியில் தவறான குழியில் யாரோ வைத்திருப்பார்கள்.

*அதுவும் சரி என்றால் கட்டைகளை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வையுங்கள்.* ஒரு மைக்ரான் காட்டும் டயல் கேஜின் கீழே 10 மில்லிமீட்டர் கட்டையை வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். அதை எடுத்துவிட்டு 4-ஐயும் 6-ஐயும் ஒட்டி வையுங்கள். முள் சுழியத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் 3-ம் 7-ம், 2-ம் 8-ம் என்று மாற்றிப் பாருங்கள். பிறகு 4-ஐயும் 6-ஐயும் தனித்தனியே வேறு கட்டைகளோடு 10 வரும்படி சேர்த்துப் பாருங்கள். எந்தச் சேர்க்கையிலெல்லாம் முள் விலகுகிறதோ அதில் பொதுவாக இருக்கும் கட்டைதான் குற்றவாளி. எல்லாச் சேர்க்கையிலும் ஒரே அளவு விலகினால் 10-ஐச் சந்தேகியுங்கள்.

இந்தச் சோதனையின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 3650 தரநிலைப்படி 25 மில்லிமீட்டர் கட்டைக்குத் தரம் 1 என்றால் 0.3 மைக்ரான், தரம் 2 என்றால் 0.6 மைக்ரான்தான் கூடவோ குறையவோ இருக்கலாம். உங்கள் டயல் கேஜின் மிகச் சிறிய கோடே அதைவிடப் பெரியது. ஆகவே அடிபட்ட கட்டையை, நன்றாகத் தேய்ந்த கட்டையை இது காட்டிக்கொடுக்கும். கட்டை தரத்துக்குள் இருக்கிறதா என்ற தீர்ப்பை இதை வைத்துச் சொல்லக் கூடாது.

அறிகுறி: மைக்ரோமீட்டர் சில இடங்களில் மட்டும் தவறு

சுழியத்தில் சரி, 25-இல் சரி, நடுவில் மூன்று நான்கு மைக்ரான் விலகல். முதலில் மைக்ரோமீட்டரின் இரு தாடைகளையும் சுத்தமான தாளை நடுவில் வைத்து மெல்ல மூடி, இழுத்துத் துடையுங்கள். ராட்செட்டை, அதாவது அளவான அழுத்தம் வந்ததும் நழுவிவிடும் கடைசிக் குமிழை, பிடித்தே திருகுங்கள்; உருளையை நேராகத் திருகினால் ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும்.

பிறகு 5, 10, 15, 20 என்று முழு எண் கட்டைகளில் மட்டும் சோதிக்காதீர்கள். அந்த அளவுகளில் எல்லாம் உருளை ஒரே கோணத்தில்தான் நிற்கும்; திருகின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்ததாகிவிடும். 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25 என்ற வரிசையில் போனால் உருளை ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் நிற்கும்.

ஒரே அளவு விலகல் எல்லா இடத்திலும் என்றால் சுழியத்தைத் திருத்துங்கள், அவ்வளவுதான். நீளம் கூடக்கூட விலகல் கூடினாலோ, நடுவில் மட்டும் எகிறினாலோ திருகு தேய்ந்திருக்கிறது. கட்டையைத் தாடையின் மையத்திலும் ஓரத்திலும் வைக்கும்போது எண் மாறினால் தாடைகள் இணையாக இல்லை. இவை இரண்டும் பட்டறையில் சரிசெய்யும் வேலை அல்ல. பழுதுபார்க்கும் கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் புதிதின் விலையோடு ஒப்பிடுங்கள். சாதாரண 25 மில்லிமீட்டர் மைக்ரோமீட்டர் என்றால் நான் புதிதையே வாங்குகிறேன்.

அறிகுறி: கட்டை கீழே விழுந்துவிட்டது

சிமெண்டுத் தரையில் விழுந்த கட்டையை ஒட்டிப் பார்க்காதீர்கள். மூலையில் எழும்பிய மேடு அடுத்த கட்டையையும் கெடுக்கும். தனியே எடுத்து வைத்து, கண்ணாடியால் பார்த்து, கல்லில் போட்டு, 10-க்கு 4-ம் 6-ம் வைத்தது போல் மற்ற கட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விழவைத்த பையனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் பெட்டியில் வைத்துவிடுவான்.

எப்போது ஆய்வகத்துக்கு அனுப்புவது

மேலே சொன்ன சோதனையில் ஒரு கட்டை சந்தேகத்துக்கு உள்ளாகி, அதை நம்பி நடக்கும் வேலை நிறுத்த முடியாததாக இருந்தால் உடனே அனுப்புங்கள். வாடிக்கையாளர் அளவுத்திருத்தச் சான்றிதழ் கேட்டாலும் வேறு வழியில்லை. ஒன்றும் கெடாவிட்டாலும் நாங்கள் ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புகிறோம்.

சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா, அந்த அங்கீகாரத்தில் கேஜ் பிளாக் இடம்பெற்றிருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். அப்படிப்பட்ட ஆய்வகத்தின் சான்றிதழில் உள்ள அளவு, தொடர் தொடராகத் தேசிய அளவுத் தரம் வரை போய்ச் சேரும். மலேசியாவில் அதைக் காப்பது சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம். ‘தேர்ச்சி’ என்று ஒற்றை வரி மட்டும் தரும் சான்றிதழை ஏற்காதீர்கள். ஒவ்வொரு கட்டைக்கும் எத்தனை மைக்ரான் விலகல் என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். நுணுக்கமான வேலையில் அந்த எண்ணைச் சேர்த்துக் கணக்கிடலாம். போன ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டால் எந்தக் கட்டை தேய்ந்துகொண்டு வருகிறது என்பதும் தெரியும். எங்கள் பெட்டியில் 1.00-தான் முதலில் தேய்ந்தது. எல்லா அடுக்கிலும் அதையே எடுத்துக்கொண்டிருந்தோம்.

அனுப்பும் முன் எண்ணெய் தடவி, துருத்தடுப்புத் தாளில் சுற்றி, பெட்டிக்குள் எதுவும் ஆடாதபடி அடைத்து, கட்டைகளின் வரிசை எண்களைப் படம் எடுத்து வையுங்கள்.

பெட்டி திரும்பி வந்த அன்று திறக்க வேண்டாம். கூரியர் வண்டியின் சூடும் பட்டறையின் சூடும் வேறு. மேசையின் மேல் இரவு முழுவதும் மூடியபடியே கிடக்கட்டும். மறுநாள் காலை, வெயில் ஏறும் முன் திறந்து, சான்றிதழில் உள்ள எண்களைக் கட்டைகளில் உள்ள எண்களோடு ஒப்பிட்டு, 10-ஐயும், 4-ம் 6-ம் சேர்ந்த அடுக்கையும் ஒரு முறை டயல் கேஜின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு வேலைக்கு எடுங்கள்.